மட்டையைப் பார்த்தேனா, நரம்பைப் பார்த்தேனா?

ஜவ்வரிசி வியாபாரத்தில் எனக்கு இருபது வருடப் பழக்கம். மூட்டைக்குள் குத்திச் சாம்பிள் எடுக்கும் குத்தூசி போட்டுப் பார்க்காத மூட்டைக்கு இதுவரை விலை சொன்னதில்லை. மூட்டை வாயில் வெள்ளையாக இருக்கும் சரக்கு அடியில் ஈரமாக இருக்கும் என்பது சேலத்தில் இந்தத் தொழில் செய்கிற எல்லோருக்கும் தெரியும். அப்படிப்பட்ட நான்தான் மூன்று வருடத்துக்கு முன் ஒரு டென்னிஸ் மட்டையை, ஆடிப் பார்க்காமல், எடை பார்க்காமல், நிறம் பிடித்திருந்தது என்பதற்காக வாங்கினேன். சுலபமாகப் பந்து பறக்கும் ‘பவர்’ மட்டை அது. தடித்த ஃபிரேம், விறைப்பு அதிகம். மட்டைத் தலையில் பின்னும் இழையைத்தான் நரம்பு என்போம். அதில் விறைப்பான பாலியஸ்டர் நரம்பை 56 பவுண்ட் இழுவிசையில் இறுக்கிப் போட்டுக்கொண்டேன். அந்த எண்ணும் யாரோ சொன்னதுதான். எட்டு மாதத்தில் வலது முழங்கையின் வெளிப்பக்கம் வலிக்க ஆரம்பித்தது. காலையில் காபி டம்ளரைத் தூக்கினால் சுரீர் என்றது.

குற்றம் முழுவதும் மட்டையுடையது என்று சொல்ல மாட்டேன். பந்தைத் தாமதமாகச் சந்திக்கும் என் பேக்ஹேண்டுக்கும் (புறங்கை வீச்சுக்கும்) அதில் நல்ல பங்கு உண்டு. ஆறு வாரம் ஓய்வு எடுத்துவிட்டுத் திரும்பியபோது, இனி வளைந்துகொடுக்கும், பந்து நாம் நினைத்த இடத்தில் விழும் மட்டைதான் வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். டென்னிஸ்காரர்கள் இதைக் கன்ட்ரோல் மட்டை என்பார்கள். பெயரில் கொஞ்சம் ஏமாற்று இருக்கிறது. அந்த மட்டை நம் பந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளாது. தானாக வேகம் கொடுக்க மறுக்கும், அவ்வளவுதான். ஃபிரேம் மெலிதாக இருக்கும், பந்து பட்டதும் சற்று வளையும், அந்த வளைவில் கொஞ்சம் ஆற்றல் போய்விடும். நரம்புகள் நெருக்கமாக இருந்தால் பந்து தாழ்வாகக் கிளம்பும். ஆக, பந்து தூரம் போக வேண்டுமென்றால் கையை முழுதாக வீச வேண்டும். முழு வீச்சு இருப்பவனுக்கு அது வரம். அரை வீச்சுக்காரனுக்குப் பந்து வலையில்தான் விழும். ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 இரண்டு வருடமும் விம்பிள்டன் அரையிறுதிக்குப் போனது மரமட்டையோடு. அந்தக் கால மட்டைத் தலை 65 சதுர அங்குலம் சுமார். இன்று நாம் 98 சிறியது, 100 பெரியது என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

என் சண்டையும் அந்த இரண்டுக்கும் நடுவில்தான். ஒன்று வில்சன் பிளேடு 98. தலை 98 சதுர அங்குலம், நரம்பில்லாமல் 305 கிராம், ஃபிரேம் தடிமன் 21 மில்லிமீட்டர், நெடுக்கில் 16 நரம்பு, குறுக்கில் 19. மற்றது ஹெட் கிராவிட்டி எம்பி. தலை 100, எடை 295 கிராம், நெடுக்கில் 16, குறுக்கில் 20. இதன் தலை மேல்பக்கம் அகன்று வட்டமாக இருக்கும். பிளேடு வீராங்கனை சபலென்காவின் கையில் இருக்கிறது, கிராவிட்டி வீரர் ருப்லேவின் கையில் இருக்கிறது என்பதெல்லாம் நமக்கு உதவாத தகவல். அவர்கள் மட்டையில் ஈயம் ஒட்டி, பிடியில் எடை ஏற்றி, கடையில் கிடைப்பதிலிருந்து வெகுதூரம் கொண்டுபோயிருப்பார்கள். மேலே தெரியும் பெயிண்ட் மட்டும் ஒன்று.

பதினைந்தாயிரத்துக்கு மேல் விலை போகும் பொருளை இந்தமுறை சாம்பிள் பார்க்காமல் வாங்கக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். ஆனால் ‘ஒரு வாரம் ஆடிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்’ என்று மட்டையை நீட்டும் கடை எதுவும் சேலத்தில் என் கண்ணில் படவில்லை. எங்கள் கிளப்பில் ஆடும் ஒரு டாக்டரிடம் பிளேடு இருந்தது. கோயம்புத்தூரில் கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகனிடம் கிராவிட்டி இருந்தது. “பரீட்சை முடியும்வரை நான் தொடப் போவதில்லை, வைத்துக்கொள்ளுங்கள் மாமா” என்று பையோடு அனுப்பிவைத்தான். டாக்டர் அவ்வளவு தாராளமாக இல்லை. “கீழே வைக்காதீர்கள், வெயிலில் காரில் விட்டுவிடாதீர்கள், நெட்டில் தட்டாதீர்கள்” என்று மருந்துச் சீட்டு மாதிரி சொல்லிக் கொடுத்தார்.

பத்து நாள் காலையில் அஸ்தம்பட்டிப் பக்கம் எங்கள் கோர்ட்டில் இரண்டையும் மாற்றி மாற்றி ஆடினேன். தீர்ப்பு மூன்றாம் நாளே வந்துவிட்டது. கிராவிட்டி வெண்ணெய். பந்து நரம்பில் ஒரு கணம் தங்கிப் போவது தெரிந்தது, முழங்கை மூச்சுவிடவில்லை. பிளேடு அப்படியில்லை. அடிக்கு அடி கை அதிர்ந்தது. ஒரு பந்து கோட்டுக்குள் விழும், அதே வீச்சில் அடுத்தது இரண்டடி வெளியே போகும். பத்தாம் நாள் கிராவிட்டிக்குப் பணம் கட்டிவிடலாம் என்று கைபேசியைக்கூட எடுத்துவிட்டேன்.

அன்று எங்கள் மார்க்கர் அண்ணன் குறுக்கே வராமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. கிளப்பில் நாற்பது வருடமாகப் பந்து போடுபவர், நரம்பு போடுபவரும் அவரே. இரண்டு மட்டையையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். டாக்டரின் பிளேடில் நடுநரம்பு ஒன்றைக் கட்டைவிரலால் பக்கவாட்டில் தள்ளினார். அது பாலி, அதாவது பாலியஸ்டர் நரம்பு. தள்ளிய இடத்திலேயே அது நின்றுவிட்டது. “புது பாலி என்றால் டக்கென்று திரும்பி வரவேண்டும் சார்” என்றார். பிறகு குறுக்கு நரம்பைச் சற்றுத் தூக்கிக் காட்டினார். இரண்டும் உரசும் ஒவ்வொரு இடத்திலும் ரம்பம் வைத்து அறுத்த மாதிரி ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில் நெடுக்கு நரம்பு பூட்டிக்கொண்டு அசையாமல் கிடந்தது. “டாக்டர் சார் தீபாவளிக்கு முன்னாடி போட்டது. நான்தான் போட்டேன்.” அப்போது மாசி மாதம்.

அடுத்து என் அக்கா மகனின் மட்டை. அதில் இருந்தது மல்டி. நூற்றுக்கணக்கான மெல்லிய இழைகளை முறுக்கிச் செய்த மென்மையான நரம்பு. அங்கங்கே பஞ்சு மாதிரி பிரிந்து நின்றாலும் உயிரோடு இருந்தது.

“சார், பத்து நாளாக நீங்கள் மட்டையைப் பார்த்தீர்களா, நரம்பைப் பார்த்தீர்களா?” என்று கேட்டார். பதில் சொல்ல வாய் வரவில்லை. ஈரச் சரக்கையும் காய்ந்த சரக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது நல்ல ஆலை என்று தீர்ப்புச் சொன்ன கதை இது.

இரண்டு சொந்தக்காரர்களிடமும் அனுமதி வாங்கி, என் செலவில், இரண்டிலும் ஒரே நரம்பு போடச் சொன்னேன். 1.25 மில்லிமீட்டர் மல்டி, இரண்டிலும் 50 பவுண்ட். ஒரு மட்டைக்குச் சுமார் 12 மீட்டர் நரம்பு பிடிக்கும். அண்ணனுடைய இயந்திரம் எடைக்குண்டு தொங்கும் பழைய வகை. நரம்பைக் கவ்வியில் மாட்டி, குண்டு வைத்த கையைக் கீழே விட்டு, அது படுக்கைவசமாக நிற்கும்வரை காத்திருப்பார். சாய்ந்து நின்றால் மறுபடியும் இழுப்பார். கிராவிட்டியில் குறுக்கு நரம்பு இருபதையும் ஒன்று விட்டு ஒன்று மேலும் கீழுமாகக் கோத்து முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் ஒன்று புரிந்தது. 50 என்று ஒரே எண்ணைச் சொன்னாலும் சிறிய தலையில், குட்டை நரம்பில் அது ஒரு மாதிரி இருக்கும், பெரிய தலையில் வேறு மாதிரி இருக்கும். ஆனால் கிளம்பும் இடமாவது ஒன்றாக இருக்க வேண்டுமே.

நரம்பு சமமானது. எடை? செவ்வாய்ப்பேட்டையில் என் பள்ளித் தோழன் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறான். கிராமில் இரண்டு தசமம்வரை காட்டும் தராசு அவனிடம் உண்டு. மட்டையோடு உள்ளே போனதும், “இதற்குக் கொலுசு மாட்டப் போகிறாயா?” என்றான். தட்டு சிறியது, மட்டை நிற்கவில்லை. ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டு, அதன்மேல் மட்டையைப் படுக்க வைத்தோம். கதவைச் சாத்தி மின்விசிறியை நிறுத்த வேண்டியிருந்தது. பிளேடு 327.40 காட்டியது. கிராவிட்டி 325.10.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. அட்டையில் பத்து கிராம் வித்தியாசம், தராசில் இரண்டரைகூட இல்லை. பிடியை உரித்தால் விடை கிடைத்தது. அக்கா மகனுக்கு வியர்க்கும் கை. பிடியின்மேல் சுற்றும் மேல்கிரிப் பட்டை ஒன்றின்மேல் இன்னொன்றாக இரண்டு சுற்றியிருந்தான், நரம்பில் அதிர்வைக் குறைக்கும் ரப்பர் பொத்தான் வேறு. ஒரு மேல்கிரிப் ஐந்து கிராம் வரும். கிரிப்பின் எடை பிடிப்பக்கம் சேர்ந்ததால் தலை லேசாகத் தெரிந்திருக்கிறது. ‘கிராவிட்டி கையில் பறக்கிறது’ என்று நான் பத்து நாள் சொல்லிக்கொண்டு திரிந்ததில் அந்தக் கூடுதல் கிரிப்புக்கும் பங்கு இருந்திருக்கிறது. நரம்பு 15 முதல் 18 கிராம்வரை சேர்க்கும், அதனால் எடை நடுவம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தலைப்பக்கம் நகரும் என்பதையும் அன்றுதான் மர அளவுகோலின் விளிம்பில் மட்டையை நிறுத்திப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். எந்தக் கம்பெனியின் மட்டையானாலும் அச்சிட்ட எடைக்கு இரண்டு மூன்று கிராம் முன்பின் இருப்பது சகஜம். ஒரே மாதிரி இரண்டு மட்டை வாங்குகிறவர்கள் தராசோடு கடைக்குப் போவது நல்லது.

பிடியை உரித்தபோது இன்னொன்றும் கைக்குத் தெரிந்தது. இரண்டும் ஒரே அளவுப் பிடி. ஆனால் வில்சனுடையது சதுரம் உருண்ட மாதிரி, ஹெட்டுடையது பட்டையாக, செவ்வகமாக இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு பிடித்தாலும் ஹெட்டில் மட்டை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும். வலைக்கு முன்னால் அவசரத்தில் பிடி மாற்றும்போது இது எனக்குச் சாதகம். என் நண்பர் ஒருவருக்கு இதே பட்டைப் பிடி உள்ளங்கையில் குத்துகிறது. பிடியின் அளவுக்குப் பழைய உபாயம் போதும். மட்டையைப் பிடித்த நிலையில் மோதிரவிரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவே மறுகையின் சுட்டுவிரல் நுழைய வேண்டும். நுழையவில்லை என்றால் பிடி சிறியது. சிறியதை மேல்கிரிப் சுற்றிப் பெரிதாக்கிவிடலாம். பெரியதைச் செதுக்க முடியாது.

சமமான நரம்போடு திரும்பக் கோர்ட்டுக்குப் போனேன். முதல் அரை மணியிலேயே என் பழைய தீர்ப்பு தலைகீழானது. பிளேடா இது? கையின் நீட்சி மாதிரி இருந்தது. பந்தின் அடியை வெட்டி ஸ்லைஸ் அடித்தால் பந்து தரையோடு தரையாகச் சறுக்கியது. பந்து தரையில் படும் முன்பே அடிக்கும் வாலியில் மணிக்கட்டைச் சற்று இறுக்கினாலே போதும், பந்து சொன்ன மூலையில் போய் உட்கார்ந்தது. டாக்டருக்குத் தன் மட்டை எப்படிப்பட்டது என்றே தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். கிராவிட்டியும் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அந்தத் துடிப்பு இல்லை. கைபேசி மறுபடியும் வெளியே வந்தது, இந்தமுறை பிளேடுக்கு.

வியாபாரப் புத்தி தடுத்தது. லாரியில் ஏற்றும் முன் இரண்டாம் முறை குத்தூசி போடுவது எங்கள் வழக்கம். கோர்ட்டின் பின்கோடான பேஸ்லைனுக்கு உட்பக்கம் ஆறடி தள்ளி ஒரு தேங்காய்நார்க் கயிற்றைக் கிடத்தினேன். கயிற்றுக்கும் கோட்டுக்கும் நடுவில் விழுந்தால் கணக்கு. மார்க்கர் அண்ணன் கூடையிலிருந்து என் பேக்ஹேண்டுக்கு நாற்பது பந்து போடுவார், எண்ணுவது நான். காலை ஆறு மணிக்கு, உடம்பு புதிதாக இருக்கும்போது, பிளேடில் 26, கிராவிட்டியில் 22. பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒற்றையர் ஆட்டம். வெயில் ஏறி, சட்டை பிழிந்தால் சொட்டும் நிலையில் ஏழே முக்காலுக்கு மறுபடியும் நாற்பது. பிளேடில் 13. கிராவிட்டியில் 19.

நான்கு நாள் இதையே செய்தேன். எண்கள் ஒன்றிரண்டு மாறின, சாய்வு மாறவில்லை. களைப்பு வந்ததும் என் கால் நிற்கிறது, பந்தை ஒரு கணம் பிந்திச் சந்திக்கிறேன், மட்டையின் நடுவில் படாமல் மேல்பக்கம் படுகிறது. கிராவிட்டியின் தலை அகன்றிருக்கும் இடமும் அதுதான். பிந்திப் பட்ட பந்தையும் எப்படியோ கோட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது. பிளேடு என் பிழையை அப்படியே எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டியது. அது மட்டையின் குறை இல்லை, நேர்மை. ஆனால் நாற்பத்தாறு வயதில், மூன்றாவது செட்டில், எனக்கு எவ்வளவு நேர்மை தாங்கும் என்பது வேறு கேள்வி. ஆறு மணி ஆட்டக்காரனாக என்னை நினைத்துக்கொண்டு மட்டை வாங்கப் பார்த்தேன். ஆட்டங்களைத் தோற்பவன் ஏழே முக்கால் ஆட்டக்காரன்.

இதற்கு நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டில் இரட்டையர் ஆட்டம் வாய்த்தது. தெரிந்தவர் ஒருவருடைய எஸ்டேட்டில் பழைய சிமெண்ட் கோர்ட். ஓரத்தில் பாசி, நடுவில் சவுக்குச் சருகு, கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் காபிச் செடி. இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வண்டியை விட்டு இறங்கியதும் காது அடைத்திருந்தது. புதுப் பந்து டப்பாவைத் திறந்தால் கீழே கேட்பதைவிடச் சத்தமாக ‘புஸ்’ என்றது. முதல் பந்தே தோளுக்கு மேல் எகிறியது.

காரணம் எளியது. ஏற்காடு 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சேலம் 300 மீட்டருக்குக் கீழே. மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு, பந்துக்குள் அடைத்த காற்று அதே அழுத்தத்தில் இருக்கிறது. அதனால் அதிகம் துள்ளும். மெல்லிய காற்றில் தடையும் குறைவு, பந்து நீளமாகப் போகும், பந்தை முன்னோக்கிச் சுழலவிடும் டாப்ஸ்பின் போட்டாலும் கீழ்நோக்கி வளைவது குறையும். சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு 1,219 மீட்டருக்கு மேல் ஆடுவதற்கென்றே துள்ளல் குறைந்த தனிப் பந்தை வைத்திருக்கிறது. 254 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விட்டால் சாதாரணப் பந்து 135 முதல் 147 வரை எழும்ப வேண்டும் என்பது விதி. மலைப்பந்து 122 முதல் 135 வரை எழும்பினால் போதும். எங்களிடம் இருந்தது சாதாரணப் பந்துதான்.

ஆசைக்கு என் பழைய பவர் மட்டையையும் எடுத்துப் போயிருந்தேன். அதில் அடித்த முதல் மூன்று ஃபோர்ஹேண்டும் வேலி தாண்டிக் காபிக்குள் போயின. எஸ்டேட் பிள்ளைகளுக்கு நல்ல வேட்டை. பிளேடிலும் கிராவிட்டியிலும் பந்து நீண்டது, ஆனால் வீச்சைச் சுருக்காமலேயே இரண்டு கேமில் அளவு பிடிபட்டது. எனக்குத் தேவைப்பட்ட உறுதி வேறொன்று. மலையிலும் அதே வரிசைதான். புதிதாக இருக்கும்போது பிளேடு, மூச்சு வாங்கும்போது கிராவிட்டி. மேலேயே குடியிருந்து ஆடுகிறவர்கள் மட்டையைக் குறை சொல்லும் முன் பந்தை மாற்றிப் பார்க்கட்டும். அதுவும் கிடைக்காவிட்டால் நரம்பில் இரண்டு மூன்று பவுண்ட் ஏற்றிப் பார்க்கட்டும். பதினொரு மணிக்கு மூடுபனி இறங்கியது, பந்து நனைந்து கல்லானது, ஆட்டத்தை நிறுத்திவிட்டோம். நனைந்த பந்தில் எந்த மட்டையையும் சோதிக்க வேண்டாம், முழங்கைக்கும் ஆகாது.

கிராவிட்டியை வாங்கினேன். அதே மல்டி, 50 பவுண்ட், ஒற்றை மேல்கிரிப். சித்திரை வெயிலில் நரம்பு சீக்கிரம் தளர்வதால் கோடையில் 52. போட்ட தேதியை மட்டையின் கழுத்தில் சின்ன ஒட்டுத்தாளில் எழுதி வைக்கிறேன், தீபாவளிக்கு முன்னாடியா பின்னாடியா என்று யாரும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. டம்ளரைத் தூக்கினால் இப்போது வலிப்பதில்லை. பழைய மட்டையில் நரம்பு மட்டும் மாற்றியிருந்தால் பாதி வலி அப்போதே போயிருக்கும் என்று மார்க்கர் அண்ணன் சொல்கிறார். அதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்றால், “நீங்கள் கேட்கவில்லையே சார்” என்கிறார்.

டாக்டரின் பிளேடை, நான் போட்டுக்கொடுத்த புது நரம்போடு, துடைத்துப் பையில் வைத்துத் திருப்பிக் கொடுத்தேன். மறுநாள் காலை கோர்ட்டிலிருந்தே கூப்பிட்டார். “என் மட்டையை என்ன செய்தீர்கள்?” கோபமோ என்று பயந்துவிட்டேன். அரை மணி நேரம் அந்த நரம்பைப் பற்றி விசாரித்தார், பெயரை எழுதிக்கொண்டார், இன்னும் நான்கு மட்டைக்கான நரம்பு வாங்கினார். அதுவரை எங்கள் ஆட்டங்களில் மூன்றில் இரண்டு எனக்கு வரும். இப்போது சனிக்கிழமைதோறும் என்னைத் தோற்கடிக்கிறார். மட்டையை ஒருநாள் கொடுங்கள் என்று கேட்டால், தருவதில்லை.